கைடட் சாணை செட் எது வாங்கலாம்? லான்ஸ்கி, ரூய்ஷின், வொர்க் ஷார்ப், ஷார்ப்மேக்கர் ஒப்பீடு

மயிலை_மெஸ்

வணக்கம். மெஸ் சமையலறைக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒரு கைடட் ஷார்ப்பனர் வாங்கணும். வெறும் கல்லுல கையாலேயே கோணம் காப்பாத்தித் தீட்டுற பழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. அதனாலதான் கோணத்தைப் பிடிச்சுத் தர்ற செட் தேடுறோம்.

தீட்ட வேண்டியவை: 8 அங்குல செஃப் கத்தி 2 (ஜெர்மன் வகை ஸ்டீல், அலகு உயரம் 45 மி.மீ.), விஜி-10 (கெட்டியான ஜப்பான் ஸ்டீல்) சான்டோகு, அதாவது ஜப்பான் வகைக் காய்கறிக் கத்தி, 1, 3 அங்குலப் பழக்கத்தி 4, எலும்புக்கு ஒரு வெட்டுக்கத்தி, ஒரு அருவாமனை.

பார்த்து வெச்சிருக்கறது லான்ஸ்கி, ரூய்ஷின், வொர்க் ஷார்ப் பிரிசிஷன் அட்ஜஸ்ட், ஸ்பைடர்கோ ஷார்ப்மேக்கர். பத்துக் கல்லோட வர்ற செட்டும் இருக்கு, மூணு கல்லோட வர்றதும் இருக்கு. கல் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு பண்ணலாமா? கோணம் என்ன வைக்கணும்?

கூர்வாய்

சார், கல் எண்ணிக்கையை முதல்ல ஒதுக்கி வைங்க. உங்க பட்டியல்ல செட்டைத் தீர்மானிக்கிறது இரண்டே அளவு: 8 அங்குல நீளம், 45 மி.மீ. உயரம்.

லான்ஸ்கி: சின்ன கிளாம்ப், பின்னாடி நாலு ஓட்டை. 17, 20, 25, 30 டிகிரி. கல்லோட கம்பியை ஓட்டையில நுழைச்சுத் தேய்க்கணும். கல் அகலம் அரை அங்குலம்தான். பழக்கத்திக்கு ரொம்ப நல்ல சாமான். 8 அங்குலக் கத்தியை ஒரே பிடியில முடிக்க முடியாது, இரண்டு இடத்துல மாத்திப் பிடிக்கணும். முதுகுல மாஸ்கிங் டேப் ஒட்டி, பிடிச்ச இடத்தைப் பேனாவால குறிக்கலைன்னா இரண்டாவது பிடியில கோணம் மாறி, நடு அலகுல படிக்கட்டு மாதிரி ஒரு கோடு நிக்கும்.

வொர்க் ஷார்ப் பிரிசிஷன் அட்ஜஸ்ட்: 15-லிருந்து 30 டிகிரி வரைக்கும் திருகி வைக்கலாம். 320 வைரம், 600 வைரம் (எண் ஏற ஏற கல் நைஸ்), செராமிக் மூணும் ஒரே முக்கோணக் கட்டையில இருக்கு, உருட்டினா அடுத்தது வரும். கத்தியைக் கிளாம்போட உருவிப் புரட்டி மாட்டலாம். பழகுறதுக்கு இதுதான் சுலபம். பிடிமானம் ஒரே இடத்துல இருக்கறதால 8 அங்குலக் கத்தியின் நுனி, அழுத்தினா வளையும். லேசான கையா இருக்கணும்.

ரூய்ஷின்: பெயர் ஒண்ணு, சாமான் இரண்டு வகை. பழைய வகை எட்ஜ் ப்ரோங்கற இன்னொரு கைடட் செட்டோட பாணி: கத்தியைச் சின்ன மேசை மேல படுக்க வெச்சு, இடது கையால நகர்த்தி நகர்த்தித் தேய்க்கணும். புது வகையில கத்தியைத் தாடை கவ்விக்கும், அப்படியே புரட்டலாம். இரண்டுலயும் கல் 6 அங்குல நீளம், எட்ஜ் ப்ரோ அளவுக் கல்லெல்லாம் பொருந்தும். பின்னாடி நல்ல கல் வாங்கிச் சேர்த்துக்கலாம்கறது இதோட பெரிய பலம்.

ஷார்ப்மேக்கர்: இது வேற ஜாதி. ஒரு அடிக்கட்டையில இரண்டு முக்கோண செராமிக் குச்சி சாய்வா நிக்கும். கத்தியை நேர் செங்குத்தாப் பிடிச்சு இழுக்கணும். மொத்தக் கோணம் 30 அல்லது 40, அதாவது பக்கத்துக்கு 15 அல்லது 20. தினப்படி பராமரிப்புக்கு இதை அடிச்சுக்க ஆள் இல்லை. ஆனா மழுங்கி உருண்டுபோன கத்தியை இதுல உயிர்ப்பிக்க நினைச்சா கை ஓய்ஞ்சிடும், சொரசொரப்பான குச்சி செட்டுல வராது.

உங்க தேவைக்கு: தாடை கவ்வுற ரூய்ஷின் ஒண்ணு, தினமும் தொட்டு எடுக்க ஒரு செராமிக் குச்சி.

லேத்_அம்பத்தூர்

கூர்வாய் சொன்னதை ஒத்துக்கறேன். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு புரியணும்: ஓட்டையில 20-னு பொறிச்சிருந்தா கத்தியில 20 வரும்னு அர்த்தம் இல்லை.

கம்பி ஊசலாடுற புள்ளி கத்தி வாய்க்கு (வெட்டுற விளிம்புக்கு) எவ்வளவு மேல இருக்கு, எவ்வளவு பின்னாடி இருக்கு, இந்த இரண்டும்தான் கோணம். கணக்குக்காக, மேல 40 மி.மீ., பின்னாடி 110 மி.மீ.னு வெச்சுக்குங்க. 40-ஐ 110-ஆல வகுத்து டான் இன்வர்ஸ் எடுத்தா 20 டிகிரி. இப்போ அகலமான அலகை மாட்டுறீங்க, வாய் 30 மி.மீ. கூடுதலா வெளியே நீட்டிக்கிட்டு நிக்குது. 40-ஐ 140-ஆல வகுத்தா 16-க்குக் கொஞ்சம் கீழே. அதே ஓட்டை, அதே செட், நாலு டிகிரி காணாமப் போச்சு. பழைய 20 வேணும்னா புள்ளியை 51 மி.மீ. உயரத்துக்கு ஏத்தணும். லான்ஸ்கியில ஏத்த முடியாது, ஓட்டை இருக்கற இடத்துலதான் இருக்கும். ரூய்ஷின்லயும் பிரிசிஷன் அட்ஜஸ்ட்லயும் ஏத்தலாம். செஃப் கத்தி வெச்சிருக்கறவங்களுக்கு நான் லான்ஸ்கி வேண்டாம்னு சொல்றது இதனாலதான். அதோட தரத்துல எந்தக் குறையும் இல்லை.

கோணம் சரியா 20-ஆ, 19-ஆங்கறது பெரிய விஷயமே இல்லை. இன்னிக்கு வெச்ச கோணம் அடுத்த வாரமும் அப்படியே திரும்ப வரணும், அதுதான் கைடட் செட்டோட வேலை. அதனால ஒவ்வொரு கத்திக்கும் ஒரு சீட்டு வைங்க: கத்தி பெயர், நுனியிலிருந்து தாடை எத்தனை மி.மீ., வாய் எத்தனை மி.மீ. வெளியே நீட்டிருக்கு, புள்ளி உயரம் எவ்வளவு. அடுத்த தடவை மூணு நிமிஷ வேலை.

பெசன்ட்நகர்_அடுப்படி

உருட்டுற ஷார்ப்பனரை யாரும் சொல்லலையே? ஹார்ல் மாதிரி. காந்தக் கட்டையில கத்தியை ஒட்ட வெச்சு, வைரத் தட்டு வெச்ச உருளையை மேடையில உருட்டுறது. 15, 20 இரண்டே கோணம். பழக்கமே இல்லாத ஆள் கையில கொடுத்தாலும் கத்தி கெடாது, மெஸ்ஸுல அது முக்கியம். ஆனா மூணு விஷயம் கவனிக்கணும்.

மேடை மட்டமா இருக்கணும், மணல் ஒரு துகள்கூட இருக்கக்கூடாது. கிரானைட் மேடை சரி, சொரசொரப்பான கடப்பாக் கல்லுல உருளை தத்தும்.

பழக்கத்தியோட அலகு உயரம் கம்மியா இருந்தா உருளை வாய்க்கு மேலேயே போயிடும். கத்திக்கு அடியில ஒரு பலகை வெச்சு உயர்த்தணும்.

விலை குறைஞ்ச நகல்கள்ல தட்டு அச்சுல நேரா உட்காராம ஆடும். வாங்கினதும் உருட்டிப் பார்த்து, தட்டு ஓரம் உள்ளே வெளியே போனா திருப்பி அனுப்பிடுங்க. ஆடுற தட்டு வாயைத் தேய்க்காது, தட்டிக்கிட்டே இருக்கும்.

லேத்_அம்பத்தூர்

மேடம் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். காந்தக் கட்டை கத்தியோட பக்கவாட்டுத் தளத்தைப் பிடிக்குது, நடுக்கோட்டைப் பிடிக்கறதில்லை. 45 மி.மீ. உயரம், முதுகு 2.5 மி.மீ. கனம், முதுகிலிருந்து வாய் வரைக்கும் சீராச் சரியுற அலகுன்னா, ஒரு பக்கத் தளம் நடுக்கோட்டுக்கு 1.6 டிகிரி சாய்வு. 15 கட்டையில ஒட்டினா உண்மையில கிடைக்கறது 13.4. ஜெர்மன் ஸ்டீலுக்கு அது மெலிசு, முருங்கைக்காய் கணு பட்டாலே வாய் மடங்கும். அதனால அந்தக் கத்திகளுக்கு 20 பக்கத்தையே வைங்க, 18.4 வரும், பிரமாதம். மேசை மேல படுக்க வைக்கற பழைய ரூய்ஷினுக்கும் இதே கணக்குதான்.

மயிலை_மெஸ்

ரொம்ப நன்றி. அப்போ உண்மையான கோணத்தை அளக்கறது எப்படி? டிஜிட்டல் கோண அளவி வாங்கினா போதுமா?

கூர்வாய்

போதும். காந்தம் வெச்ச சின்னச் சதுரப் பெட்டி, ஒரு தசமம் வரைக்கும் காட்டும். எங்கே பூஜ்ஜியம் பண்றீங்கங்கறதுலதான் சூட்சுமம். தாடையோட மட்டமான மேல்தளத்துல வெச்சு பூஜ்ஜியம் பண்ணுங்க. கத்தி அலகு மேல வெச்சுப் பண்ணினா, இப்போ லேத் சார் சொன்ன அதே 1.6 இங்கேயும் நுழையும், இந்தத் தடவை எதிர்ப்பக்கமா: பெட்டி 18.4-னு காட்டும், உண்மைக் கோணம் 20-ஆ இருக்கும். பூஜ்ஜியம் பண்ணின பிறகு கல்லை வாய் மேல படுக்க வெச்சு, கல் முதுகுல பெட்டியை வெச்சுப் படிங்க.

கல் மாத்தும்போதெல்லாம் திரும்ப அளக்கணும். ரூய்ஷின் கல்லை அலுமினியப் பட்டையில ஒட்டித்தான் தர்றாங்க, கனம் ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம். புள்ளிக்கும் வாய்க்கும் 150 மி.மீ. இருந்தா, 1 மி.மீ. கன வித்தியாசத்துக்குக் கோணம் 0.4 டிகிரி மாறும். கோணம் குறைஞ்சுட்டா, 320-ல போட்ட சரிவை (வாயோரம் சாய்வாத் தேய்ச்ச பட்டையை) அடுத்த கல் வாய்ல தொடவே தொடாம, தோள்பட்டையில, அதாவது சரிவோட மேல் ஓரத்துல மட்டும் தேய்ச்சுக்கிட்டு இருக்கும். ஆளுக்குத் தெரியாது, “600 போட்டும் கூர் ஏறலையே”ன்னு நிப்பாங்க.

பெட்டி இல்லைன்னா மார்க்கர் போதும். சரிவு முழுக்கக் கறுப்பு பூசி, எடையே கொடுக்காம இரண்டு இழுப்பு. வாயோரம் மை அப்படியே நின்னு மேல மட்டும் அழிஞ்சா கோணம் கம்மி. வாயோரம் மட்டும் அழிஞ்சா கோணம் ஜாஸ்தி. முழுக்க அழிஞ்சா அங்கேயே பூட்டுங்க.

தாம்பரம்_87

தாடை வகை ரூய்ஷின் இங்கே இருக்கு, இரண்டு பிரச்சினை. ஒண்ணு, ஒரு பக்கச் சரிவு அகலமா, மறுபக்கம் ஒடுக்கமா வருது. இரண்டு, நுனிகிட்டப் போகப்போகச் சரிவு விரிஞ்சுக்கிட்டே போகுது. புள்ளியிலிருந்து தூரம் கூடறதால கோணம் குறையுதுன்னு நினைக்கிறேன், சரியா?

லேத்_அம்பத்தூர்

இரண்டாவதை முதல்ல எடுத்துக்கறேன், ஏன்னா இது பரவலா இருக்கற தப்பான எண்ணம். நேரான வாய்ல தூரம் கூடினாலும் கோணம் மாறாது. ஊசலாடுற புள்ளியும் வாயோட நேர்கோடும் சேர்ந்தா ஒரே ஒரு தளம்தான் வரும். கல் எங்கே நகர்ந்தாலும் அந்தத் தளத்துலயேதான் படுத்திருக்கும். அட்டையை ஒரு நேர்கோட்டு ஓரத்துல வெச்சு, எதிர்முனையை ஒரு ஆணி மேல சாய்ச்சுப் பாருங்க, கண்ணுக்கே தெரியும்.

மாறுறது அலகோட வயிறு, அதாவது வாய் நுனியை நோக்கி வளையுற இடத்துல. வளைவுல ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தொடுகோடு போட்டா, புள்ளியிலிருந்து அந்தத் தொடுகோட்டுக்குச் செங்குத்துத் தூரம் எவ்வளவோ, அதுதான் அங்கே கோணத்தை முடிவு பண்ணும். தாடை கைப்பிடிப் பக்கம் தள்ளி இருந்தா நுனியோட தொடுகோடு தூரமாப் போயிடும், கோணம் படுக்கும், சரிவு விரியும். உங்களுக்கு நடக்கறது அதுதான். தாடையை நுனிப் பக்கம் 10 மி.மீ. நகர்த்திப் பிடிச்சு, மார்க்கர் பூசிப் பாருங்க. நுனியில சரிவு ஒடுங்கினா அதிகமா நகர்த்திட்டீங்க. இரண்டுக்கும் நடுவுல, வாய் முழுக்க ஒரே அகலமா வர்ற இடம் ஒண்ணு இருக்கும். அதைக் கண்டுபிடிச்சதும் சீட்டுல எழுதிடுங்க.

ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம்: தாடையோட நடுக்கோடும் புரட்டுற அச்சும் ஒண்ணா இல்லை. பெட்டியை ஒரே இடத்துல வெச்சு இரண்டு பக்கமும் அளந்து பாருங்க. ஒரு பக்கம் 19, மறுபக்கம் 21 காட்டுதுன்னு வைங்க. தாடை ஆழம் 15 மி.மீ. இருந்தா, ஒரு பக்கத் தாடையோட முன்விளிம்புல மட்டும் 0.13 மி.மீ. மாஸ்கிங் டேப் ஒரு அடுக்கு ஒட்டுங்க. கத்தி அரை டிகிரி சாயும். ஒரு பக்கம் அரை ஏறும், மறுபக்கம் அரை இறங்கும், ஆக வித்தியாசம் ஒரு டிகிரி குறையும். இரண்டு அடுக்கு ஒட்டினா 20, 20. எந்தப் பக்கத் தாடையில ஒட்டணும்னு ஒரு தடவை ஒட்டி அளந்தாலே தெரிஞ்சிடும்.

இதுக்கு முன்னாடி இன்னொண்ணையும் பாருங்க. கத்தியைக் கவ்வும்போது தாடைத் திருகு ஒண்ணை மட்டும் முறுக்கி மத்ததை விட்டா, கத்தி கோணலாத்தான் நிக்கும். இரண்டையும் மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும்.

உப்புத்தாள்

கல்லைப் பத்தி. செட்டுல 10 கல், 3000, 10000 வரைக்கும்னு போடறது பெட்டியை நிரப்பத்தான். எண்களும் ஒரே கணக்கு கிடையாது. ஜப்பான் கணக்குல 1000-ங்கறது ஏறக்குறைய 14 மைக்ரான் துகள் (ஒரு மைக்ரான்னா மி.மீ.-ல ஆயிரத்துல ஒரு பங்கு). வாட்டர் பேப்பர்ல பி1000-ங்கறது 18, பி600-ங்கறது 26. டிஎம்டி கம்பெனி வைரத் தட்டுல 600 மெஷ் 25 மைக்ரான், 1200 மெஷ் 9 மைக்ரான். ஒரு செட்டோட 600-ஐயும் இன்னொரு செட்டோட 1000-ஐயும் எண்ணை வெச்சு ஒப்பிடாதீங்க, மைக்ரான் போட்டிருந்தா அதைப் பாருங்க.

மெஸ் கத்திக்கு மூணு கல் தாராளம்: மழுங்கினதை எடுக்க 320 பக்கம், அடுத்து 600-லிருந்து 800, முடிக்க 1000-லிருந்து 1500. தக்காளித் தோலைக் கடிச்சுப் பிடிக்க வாய்ல நுணுக்கமான பல் வேணும். 6000 வரைக்கும் மெருகேத்தின வாய் பேப்பரைச் சத்தமில்லாம அறுக்கும், தக்காளி மேல வெச்சா வழுக்கும். சாதாரணத் துருப்பிடிக்காத ஸ்டீலை அவ்வளவு ஏத்தினாலும் இரண்டு கூடை வெங்காயம் தாங்காது.

கல் வகையும் முக்கியம். ஸ்டீலோட கெட்டித்தன்மையை அளக்கற ராக்வெல் கணக்குல ஜெர்மன் வகை ஸ்டீல் 56 பக்கம், விஜி-10 அறுபது பக்கம். இரண்டுக்கும் அலுமினியம் ஆக்ஸைடு கல், சிலிக்கான் கார்பைடு கல் எல்லாமே வேலை செய்யும். வனேடியம் நிறைஞ்ச பாக்கெட் கத்தி ஸ்டீல்னா வைரம்தான், வனேடியம் கார்பைடு அலுமினியம் ஆக்ஸைடைவிடக் கெட்டி.

நம்ம ஊர்ல “கார்போரண்டம் கல்”லுன்னு கேட்டாலே சிலிக்கான் கார்பைடு கல்லைத்தான் எடுத்துத் தருவாங்க. அந்தப் பெயர்ல 1954-லிருந்து சென்னையில கம்பெனியே இருக்கு. வெட்டுக்கத்திக்கு அந்த இரட்டைக் கல், சொரசொரப்பு ஒரு பக்கம் நைஸ் ஒரு பக்கம், கைடட் செட்டைவிட வேகமா வேலை முடிக்கும்.

கூர்வாய்

மெருகு விஷயத்துல எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. மெஸ்ஸோட ஜெர்மன் கத்திக்கு நீங்க சொல்றது நூத்துக்கு நூறு. விஜி-10 சான்டோகுவை 15 டிகிரியில, 3000 வரைக்கும் கொண்டு போகலாம். மீன் துண்டு, கறிவேப்பிலை, கொத்தமல்லி நறுக்கினா தழை கறுக்காது. ஆனா அதை வெச்சு உறைஞ்ச கறியையோ தேங்காய் ஓட்டையோ தொடவே கூடாது, சில்லு பேர்ந்திடும். சில்லு பேர்ந்தா 320-லிருந்து திரும்ப ஆரம்பிக்கணும்.

கோணம்: ஜெர்மன் செஃப் கத்தி பக்கத்துக்கு 18-லிருந்து 20. விஜி-10 பக்கத்துக்கு 15. பழக்கத்தி 17. எலும்பு வெட்டுற கத்தி 25-லிருந்து 30, இது எந்தத் தாடையிலயும் ஒழுங்கா நிக்காது, முதுகு கனம் அப்படி. பாலிஷ் பண்ணாம 320-ஓட விட்டாலே எலும்புக்குப் போதும்.

முதல் தடவை தீட்டும்போது கோணத்தைக் குறைக்கறதுக்கு முன்னாடி யோசிங்க. வாய்க்கு மேல கனம் 0.4 மி.மீ. இருந்தா, 20 டிகிரியில சரிவு அகலம் 0.58 மி.மீ., 15-ல 0.77. எண்ணைப் பார்த்தா சின்னதாத் தெரியும், 8 அங்குல நீளத்துக்கு இரண்டு பக்கமும் அவ்வளவு இரும்பையும் தேய்ச்சே எடுக்கணும்.

மயிலை_மெஸ்

தீட்டுற வரிசையைக் கொஞ்சம் விளக்குங்க. எத்தனை இழுப்புக்கு ஒரு தடவை புரட்டணும்?

கூர்வாய்

எண்ணிக்கையைப் பார்க்காதீங்க, பிசிறைப் பாருங்க. ஒரு பக்கம் தேய்ச்சுக்கிட்டே போனா, வாய் தேய்ஞ்சு முடிஞ்ச இடத்துல எதிர்ப்பக்கம் மெல்லிசா ஒரு பிசிறு எழும்பும். கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்ப் பக்கமா, வாய்க்குக் குறுக்கா வெளியே இழுத்துத் தடவினா நகத்துல தட்டும். வாயோட நீளவாக்குல விரலை ஓட்டவே கூடாது. விரல்ல நம்பிக்கை இல்லைன்னா பஞ்சைத் தடவுங்க, பிசிறு இருக்கற இடத்துல நூல் மாட்டும்.

அடியிலிருந்து நுனி வரைக்கும், ஒரு இடம் விடாம பிசிறு எழும்பின பிறகுதான் புரட்டணும். முக்கால்வாசிப் பேர் தோத்துப்போறது இங்கேதான். நடுவுல எழும்பியாச்சு, அடியில எழும்பலை, ஆனா பொறுமை போய் அடுத்த கல்லுக்குத் தாவிடுவாங்க. 320-ல எழும்பாத பிசிறு 1000-ல எழும்பாது.

இரண்டாவது பக்கமும் அதே மாதிரி. அப்புறம் அதே கல்லுல பக்கத்துக்கு 5, 3, 1-னு மாத்தி மாத்தி, எடையைக் குறைச்சுக்கிட்டே வந்து பிசிறைச் சின்னதாக்கிட்டு அடுத்த கல். அடுத்த கல்லுல முந்தின கல்லோட கீறல் மறைஞ்சா போதும்.

எடை: சமையலறைத் தராசுல விரலை அழுத்திப் பழகுங்க. 320-ல அரைக் கிலோ, நடுக் கல்லுல 300 கிராம், கடைசிக் கல்லுல 100 கிராம். வைரத் தட்டுல எப்பவுமே கம்மி. அழுத்தினா வைரத் துகள் நிக்கல் பூச்சிலிருந்து பேர்ந்துடும், புதுத் தட்டும் ஒரே மாசத்துல வழுக்க ஆரம்பிச்சிடும்.

நுனியில கல் முழுசா வெளியே போகக் கூடாது. கல்லோட பாதி அகலம் அலகு மேல இருக்கும்போதே நிறுத்துங்க, இல்லைன்னா நுனி உருண்டுடும். கல்லைப் பிடிக்கிற விரல் கல்லோட அடிவிளிம்புக்குக் கீழே வரக் கூடாது. வாய் வெளியே நீட்டிக்கிட்டு நிக்குது, வழுக்கினா நேரா விரல்லதான். வெட்டுப்படாத கையுறை ஒண்ணு இடது கைக்குப் போட்டுக்குங்க.

உப்புத்தாள்

பிசிறை முழுசா எடுக்கறதைச் சேர்த்துக்கறேன். தீட்டினதும் பேப்பரை அருமையா அறுத்து, பத்து வெங்காயத்துக்குள்ள மொக்கையாப் போச்சுன்னா, நீங்க வெட்டினது வாயால இல்லை, பிசிறால. மிருதுவான ஸ்டீல்ல பிசிறு உடையாது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மடங்கிக்கிட்டே இருக்கும். கடைசிக் கல்லுல கோணத்தை 2 டிகிரி ஏத்தி, கல்லோட சொந்த எடையே போதும்னு பக்கத்துக்கு ஒண்ணா நாலு இழுப்பு, வாய் முன்னே போற திசையில. அப்புறம் தோல் பட்டையில இழுக்கணும்.

பெரியமேட்டு லெதர் கடைகள்ல வெஜிடபிள் டேன் (மரப்பட்டைச் சாறுல பதப்படுத்தின) தோல் துண்டு, 2 மி.மீ. கனத்துல, கிடைக்கும். வெறும் அலுமினியப் பட்டையில ஒட்டினா அப்படியே ரூய்ஷின் கம்பியில மாட்டலாம். பச்சை குரோமியம் ஆக்ஸைடு மெழுகை லேசாத் தேய்ச்சுக்குங்க. தோல் அமுங்கும், அதனால கோணத்தை 1-லிருந்து 2 டிகிரி குறைச்சு வைக்கணும், வாய் பின்னே வர்ற திசையில மட்டும் இழுக்கணும். முன்னே தள்ளினா தோல் கிழியும். பக்கத்துக்கு 10 போதும்.

முடிஞ்சதா இல்லையான்னு பார்க்க, வாயை மேல நோக்கிப் பிடிச்சு டார்ச் அடிங்க. கூரான வாய்க்கு ஒளியைத் திருப்பி அனுப்ப இடமே கிடையாது. எங்கே புள்ளியா மின்னுதோ அங்கே இன்னும் மழுக்கம்.

பெசன்ட்நகர்_அடுப்படி

நம்ம ஊர்த் தண்ணி, காத்து இரண்டையும் யாரும் சொல்லலை. ரூய்ஷின் கல் அலுமினியப் பட்டையோட ஒட்டியிருக்கறது பெரும்பாலும் இரட்டைப் பக்க டேப். கல்லைப் பாத்திரத்துல ஊறப் போட்டா டேப் விட்டுடும். ஸ்ப்ரே பாட்டில்ல நனைச்சாலே போதும். விட்டுப்போனதை அரால்டைட் போட்டு, கண்ணாடி மேல கவுத்து, எடை வெச்சு ஒட்டுங்க, அப்போதான் மட்டமா உட்காரும்.

போர்த் தண்ணி உப்பா இருக்கற ஏரியால கடைசிக் கழுவல் கேன் தண்ணியில பண்ணுங்க. புதுசாத் தீட்டின வாய் உப்பு ஈரத்தோட ராத்திரி முழுக்க இருந்தா கண்ணுக்குத் தெரியாத குழி விழும், காலையில கூர் குறைஞ்சிருக்கும். கார்பன் ஸ்டீல்னா சொல்லவே வேண்டாம்.

எண்ணெய்க் கல்லுன்னா தேங்காயெண்ணெயோ சமையல் எண்ணெயோ ஊத்தாதீங்க, பிசின் மாதிரி கெட்டியாகி கல் அடைச்சுக்கும். மெடிக்கல் ஷாப்புல விக்கற லிக்விட் பாரஃபின் சரியா இருக்கும். தையல் மெஷின் ஆயிலும் சரி, ஆனா கத்தியை சோப்புப் போட்டுக் கழுவணும். எண்ணெய் பட்ட கல்லை மறுபடி தண்ணிக்கு மாத்த முடியாது, முதல் நாளே முடிவு பண்ணிக்குங்க.

செராமிக் குச்சி கறுத்துப்போனா, பாத்திரம் தேய்க்கிற பவுடரும் ஸ்க்ரப்பரும் போட்டுத் தேய்ங்க. அந்தக் கறுப்பு கத்தியிலிருந்து வந்த இரும்பு. அது அடைச்சிருந்தா குச்சி வெட்டாது, வழுக்கும்.

தாம்பரம்_87

லேத் சார், தாடையை நுனிப் பக்கம் 15 மி.மீ. நகர்த்தினேன், சரிவு ஒரே அகலமா வருது. டேப் ஒரு அடுக்கே போதுமா இருந்தது. இன்னொண்ணு: 120 கல் நடுவுல குழிஞ்சிருக்கு. தூக்கிப் போட்டுடலாமா?

லேத்_அம்பத்தூர்

வேண்டாம், மட்டம் பண்ணலாம். கண்ணாடிக் கடையில 8 மி.மீ. கண்ணாடி வெட்டுத்துண்டு, ஒரு அடிக்கு அரை அடி, ஓரம் தேய்ச்சு வாங்குங்க. பாரிமுனைப் பக்கம் அப்ரேசிவ் விக்கற கடைகள்ல 80 அல்லது 120 நம்பர் சிலிக்கான் கார்பைடு பவுடர் கேளுங்க. கண்ணாடி மேல ஒரு டீஸ்பூன் பவுடர், கொஞ்சம் தண்ணி. கல்லு மேல பென்சில்ல கட்டம் கட்டமாக் கோடு போட்டு, எட்டு மாதிரி சுத்தித் தேய்ங்க. பென்சில் கோடு முழுக்க அழிஞ்சா மட்டம். குழிஞ்ச கல் ஒவ்வொரு இழுப்புலயும் கோணத்தை மாத்திக்கிட்டே இருக்கும். அந்த நிலையில கைடு இருந்தும் பிரயோஜனமில்லை. மட்டமானதும் நல்லாக் கழுவுங்க, ஒரு 80 துகள் ஒட்டியிருந்தாலும் அடுத்த கத்தியில ஆழமாக் கீறிடும். மட்டம் பண்ணினதும் கல் கனம் குறைஞ்சிருக்கும், கோணத்தைத் திரும்ப அளங்க.

மயிலை_மெஸ்

தாடை வகை ரூய்ஷின், டிஜிட்டல் பெட்டி, செராமிக் குச்சி ஒண்ணு, வெட்டுக்கத்திக்கு இரட்டைக் கார்போரண்டம் கல், இதான் முடிவு. அருவாமனை மட்டும் பாக்கி. எதுலயுமே மாட்ட முடியாது போலயே?

கூர்வாய்

மாட்ட முடியாது. மாட்டினாலும் பிரயோஜனமில்லை. அருவாமனையோட வாய் உள்வளைவு. தட்டையான கல்லை உள்வளைவுல வெச்சா கல்லோட இரண்டு மூலை மட்டும்தான் படும், நடுவு தொடாது, மூலை வாயில பள்ளம் போடும். உருண்டையான சாமான்தான் வேணும்: செராமிக் குச்சி, இல்லைன்னா இரண்டு முனையும் ஒடுங்கின படகு வடிவச் சாணைக்கல்.

பலகையைச் சுவத்துல முட்டுக் கொடுத்து நிறுத்துங்க, தீட்டும்போது பலகை நகர்ந்தா கை வாய் மேலதான் விழும். மடக்குற மாதிரி அலகுன்னா ஆணி ஆடாம இருக்கான்னு பாருங்க. சரிவு எந்தப் பக்கம்னு முதல்ல கவனிங்க. ஒரே பக்கம் சரிவு இருந்தா அந்தப் பக்கம் மட்டும் தேய்ங்க. மறுபக்கம் குச்சியைத் தட்டையாப் படுக்க வெச்சு, பிசிறை எடுக்க இரண்டு இழுப்பு. மார்க்கர் பூசி, குச்சியை அடியிலிருந்து மூக்கு வரைக்கும் வளைவோடயே கொண்டு போங்க, கீழே ஆரம்பிச்சு மேல முடியணும், முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம்.

ரொம்ப மழுங்கிடுச்சுன்னா தெருவுல வர்ற சாணை பிடிக்கிறவர்கிட்டக் கொடுக்கலாம். அவரோட சக்கரம் வெளிவளைவு, உள்வளைவு வாய்க்கு அது இயல்பாவே பொருந்தும். ஒண்ணை மட்டும் கேட்டுக்குங்க: ஒரே இடத்துல அழுத்தி நிறுத்தாம, நடுநடுவே தண்ணியில தோய்ச்சுப் பிடிக்கச் சொல்லுங்க. கார்பன் இரும்பு 300 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடேறினா நீலம் பூக்கும். நீலம் பூத்த இடத்துல பதம் போச்சுன்னு அர்த்தம். அந்த நீலம் வாயைத் தொட்டிருந்தா, அது தேய்ஞ்சு தீர்ற வரைக்கும் அங்கே கூர் நிக்காது.

மயிலை_மெஸ்

எங்க அருவாமனை மூக்குகிட்ட ஒரு அரை அங்குலம் நீலமா இருக்கு. வாய் வரைக்கும் வந்திருக்கு.

கூர்வாய்

அப்போ அந்த அரை அங்குலத்தை வெட்டுறதுக்கு நம்ப வேண்டாம். மீதி வாயைக் குச்சியில தீட்டி வெச்சுக்குங்க, காய் அரியறதெல்லாம் நடு வாயிலதானே. ஒவ்வொரு தடவை தீட்டும்போதும் மூக்குல இரண்டு இழுப்பு கூடுதலாப் போடுங்க. நீலம் மேலாக மட்டும் இருந்தா ஒரு வருஷத்துல கெட்டியான இரும்பு வெளியே வரும்.